ஈகையும் ஆராய்ச்சியும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அன்னதானமும் திருப்பணியும் கல்விக் கொடையும் தமிழருக்குப் புதியன அல்ல. தாராவியில் உழைத்தவர்களும் மாதுங்காவில் உத்தியோகம் பார்த்தவர்களும் இம்மாநகரில் தத்தம் வருவாய்க்கேற்ப ஈந்தே வந்துள்ளனர். பசித்தவன் உண்டால் அவன் முகமலர்ச்சியை ஈந்தவன் அன்றே காண்கிறான். ஆனால், பயன் எப்போது விளையும் என்றே அறியாமல் ஈயும் கொடை ஒன்றுண்டு. அஃது ஆராய்ச்சிக்கு அளிக்கும் கொடை.

சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் மூத்த மைந்தர் சர் டோராப்ஜி, 1932-இல் தம் செல்வத்தைப் பெரும்பாலும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்து, அவ்வாண்டிலேயே மறைந்தார். அவ்வறக்கட்டளை 1936-இல் சமூகப் பணிக்கென ஒரு பள்ளியைத் தொடங்கிற்று. செம்பூரை அடுத்த தேவ்னாரில் இன்று விளங்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுவே.

1944 மார்ச்சில் ஹோமி பாபா அதே அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் நாள் வரும்போது, வல்லுநர்களை நாடி இந்தியா அயல்நாட்டு வாயிலில் நிற்றல் கூடாது என்பது அவர் கருத்து. அணுகுண்டு ஒன்றேனும் வெடித்திராத காலம் அது! அறங்காவலர் இசைந்தனர். 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. அங்கு உருவான அறிஞர்களின் துணையோடு 1954-இல் டிராம்பேயில் அரசின் அணுசக்தி நிலையம் எழுந்தது. நாட்டின் மின்னாக்கத்திற்கும் பாதுகாப்பிற்கும் உரிய ஆராய்ச்சிக்கு வித்திட்டது ஒரு தனியார் அறம்.

1956-இல் இந்திய அரசும் ஐக்கிய நாடுகள் சபையும் அதே அறக்கட்டளையும் கைகோத்து, நம் அண்டையிலேயே மக்கள்தொகை ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவின. பிற ஆசிய நாட்டு மாணவரும் அங்கு வந்து பயின்றனர். 1992-93 முதல் தேசியக் குடும்பநல ஆய்வை முன்னின்று நடத்தி வருவதும் அந்நிறுவனமே. நம் குழந்தைகளின் ஊட்டநிலையை அரசு அறிவது அத்தகைய ஆய்வினால் அன்றோ?

இப்பெருமை பார்சிப் பெருமக்களுக்கு மட்டுமே உரியதன்று. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். அங்கு மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் திறக்கப்பெற்றது.

ஆயினும், கொடையை நம்பி நிற்கும் ஆராய்ச்சிக்கு ஓர் இடரும் உண்டு. நிதி நின்றால் பணியும் நின்றுவிடும். 2024 ஜூனில், அறக்கட்டளை நிதி உறுதியாகாமையால், தேவ்னார் நிறுவனத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர்க்குப் பணிமுடிவு அறிவிப்புத் தரப்பட்டது. நிதி தொடரும் என்ற உறுதி கிடைத்தபின், சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. ஈவோர் நெஞ்சில் இந்நிகழ்ச்சி பதிய வேண்டும்.

இனி நம் கடமை யாது? திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டு வாழ்ந்த நம் முன்னோரின் வரலாறு, பெரும்பகுதி முதியோர் நினைவில்தான் உள்ளது. மறுசீரமைப்பிற்காக வீடுதோறும் கணக்கெடுக்கும் பணி 2024-இல் தொடங்கிவிட்டது. வீடுகள் மாறும்; முதியோரும் நிலைத்திரார். ஆகவே, நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் சிறுதொகை ஈந்து, ஓர் இளம் ஆய்வாளருக்கு மூன்றாண்டு உதவித்தொகை வழங்க வேண்டுகிறேன்.

அதற்கு இரண்டு விதிகள் போதும். அவர் காணும் முடிவு நமக்குக் கசப்பினும் நாம் அதனைத் திருத்தக் கூடாது. மூன்றாண்டு முடியுமுன் கையைச் சுருக்கிக் கொள்ளவும் கூடாது. இவ்விரண்டையும் காத்தால், நம் சிறு கொடையும் பெருங்கொடையே ஆகும்.