வண்டி மிஸ்ஸிங் அடித்தால் முதலில் யாரைக் கேட்க வேண்டும்?

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், விக்கிரவாண்டி பக்கத்து மகளிர் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



2005-ல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து சின்ன லோடு வண்டி என்றாலே நமக்கெல்லாம் குட்டி யானைதான். எங்கள் குழுவும் கடன் வாங்கி, பழைய வண்டி ஒன்று எடுத்தது. இரண்டு சிலிண்டர், டீசல். மல்லாட்டை, காய்கறி ஏற்றி விழுப்புரம், திண்டிவனம் போய் வரும். அந்த வருமானத்தில்தான் மாதத் தவணை.

ஒருநாள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி தாண்டியதும் வண்டி திணறியது. அன்றிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கும். லோடு ஏற்றினால் மிஸ்ஸிங் அடிக்கும். கையால் பம்ப் அடித்து காற்று எடுத்தால் கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், திரும்பவும் அதே கதை. ஒரு மெக்கானிக் டீசல் ஃபில்டர் மாற்றினார். இன்னொருவர் நாசில் மாற்றினார். பணம் போனதே தவிர, மிஸ்ஸிங் போகவில்லை. இரண்டு தவணை தவறியது. டிரைவர் டீசலில் கலப்படம் செய்கிறான் என்று பேச்சு கிளம்பியது. அந்தப் பிள்ளை எங்கள் உறுப்பினரின் மகன். அவனை நிறுத்துவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதும் அளவுக்குப் போய்விட்டோம். அவங்க அம்மா கூட்டத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மூன்றாவதாக வந்த வயதான மெக்கானிக் எந்தப் பொருளையும் கழற்றவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, "எப்போ மிஸ்ஸிங் அடிக்குது தம்பி?" என்று கேட்டார். "டேங்கில் டீசல் குறைஞ்சா அதிகமா அடிக்குதுங்க" என்றான் அவன். அதுவரை அவனை யாருமே அதைக் கேட்டதில்லை!

டீசல் வண்டியில் பெட்ரோல் வண்டி மாதிரி பிளக் கிடையாது. டீசல், காற்று, அழுத்தம் இந்த மூன்றும் சரியாக இருந்தால் எரியும். அவர் இன்ஜினை ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தினார். தளர்த்தியதும் சத்தம் இறங்கினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் குறை அதில்தான். இதை நாம் செய்யக்கூடாது. அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலுக்குள்ளேயே இறங்கிவிடும். எங்கள் வண்டியில் இரண்டுமே ஒரே மாதிரி இறங்கியது. அப்படியென்றால் குறை ஒரு சிலிண்டரில் இல்லை, இரண்டுக்கும் பொதுவான டீசல் வரும் வழியில்.

அடுத்து, ஃபில்டருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பொருத்தினார். உள்ளே நீர்க்குமிழி மாதிரி காற்று ஓடியது. பின்னாலேயே தேடிப் போனால், டேங்க் பக்கம் கிளிப் போட்ட இடத்தில் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. அந்த இடத்தில் டீசலை உறிஞ்சுவதால் வெளியே ஒழுகாது, காற்று மட்டும் உள்ளே போகும். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. வருஷக்கணக்கில் வெயிலில் வெந்த ரப்பர், நாங்கள் ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. ஒரு முழம் ஹோஸ், இரண்டு கிளிப். மிஸ்ஸிங் நின்றது.

அன்று மாலையே கூட்டம் போட்டு, தீர்மானத்தை அடித்தோம். அந்த அம்மாவிடமும் பிள்ளையிடமும் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டோம்.

வண்டி வைத்திருக்கும் குழுக்களுக்குச் சொல்கிறேன். வண்டியில் ஒரு நோட்டு வையுங்கள். எப்போது மிஸ்ஸிங், லோடு எவ்வளவு, புகை என்ன நிறம் என்று டிரைவர் எழுதட்டும். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் சேர்கிறது. ஃபில்டரில் தங்கும் தண்ணீரை அவ்வப்போது வடியுங்கள். காரணம் தெரியாமல் எந்தப் பொருளையும் மாற்ற விடாதீர்கள். கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது தவணை ஒழுங்காகப் போகிறது. வண்டியை ஓட்டுவதும் அதே பிள்ளைதான்.