விசைப்படகுகளுக்கு நடுவே பாஸ் மீன்

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகருக்கு மேற்கே இருக்கிறது மினெட்டோங்கா ஏரி. சுமார் 14,500 ஏக்கர். கரை நெடுகப் புறநகர் வீடுகள். கோடை விடுமுறை நாட்களில் விசைப்படகுகளின் இரைச்சல் ஓயாது.

இந்த அமளியிலும் பெருவாய் பாஸ் மீன் ஏரியில் நன்றாகவே வாழ்கிறது. வீட்டுக்கு வீடு நீட்டிக்கொண்டிருக்கும் படகுத்துறைகளின் நிழலில் பதுங்கி, கடந்து போகும் சிறுமீனைச் சட்டென்று விழுங்கும். விவரமறிந்த தூண்டில்காரர்கள், படகுகள் கிளம்புமுன் விடியலிலேயே வந்து, ரப்பர் புழுவைத் துறைக்கு அடியில் லாகவமாக வீசுகிறார்கள். பிடித்த மீனைப் பலர் உயிரோடு நீரில் விட்டுவிடுவது பாராட்ட வேண்டிய வழக்கம்.

1987-இல் யூரேசிய மில்ஃபாயில் என்ற அயல் நீர்க்களை இங்கே கண்டறியப்பட்டது. துண்டு ஒன்று போதும், வேர்விட்டுவிடும்! அந்தக் களையோரத்திலும் பாஸ் இரைக்குக் காத்திருக்கும். ஆனால், படகில் ஒட்டி அந்தக் களை அடுத்த ஏரிக்குப் போகக் கூடாதே. படகைக் கரையேற்றியதும் களையை அகற்றி, நீரை வடித்துவிட வேண்டும் என்பது மினசோட்டா மாநிலச் சட்டம்.