மூணு விசில்

"ஏங்க, குளிக்கப் போறேன். மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடுங்க."

நண்பர் வீட்டில் காலையில் இப்படி ஓர் உத்தரவு. அவர் கையில் பேப்பர். முதல் விசில் வந்தது, எண்ணிக்கொண்டார். அடுத்தது வந்தது. அது நம்ம குக்கரா, பக்கத்து வீட்டுக் குக்கரா? சந்தேகம். கணக்கில் சேர்க்கவில்லை. இப்படியே சந்தேகப்பட்டதில் சாதம் களியாகிவிட்டது.

"எத்தனை விசில் விட்டீங்க?" என்றார் மனைவி.

"நான் எங்கே விட்டேன்? குக்கர்தான் விட்டது!"

அப்புறம் என்ன? சமையலறையில் நின்ற விசில், கூடத்தில் ஆரம்பித்தது.

குக்கருக்கு முன்னோடி, பிரான்சில் பிறந்த டெனிஸ் பாப்பின் 1679-இல் செய்த பாத்திரம். மூடியை இறுக்கினால் உள்ளே ஆவி அடைபடும், அழுத்தம் கூடும். 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறும். பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். ஆனால் ஆவி வெளியேற வழி வேண்டுமே? அதற்கும் ஒரு வால்வு வைத்தார் அவர். நம்ம குக்கர் தலையில் ஆடுகிற வெயிட் அதன் வாரிசுதான்.

விசில் அடிக்கிற குக்கரால் பயமில்லை. அடுப்பு எரிந்தும் சத்தமே வராத குக்கரிடம்தான் உஷாராக இருக்கணும். மனுஷரும் அப்படித்தான். புலம்பித் தீர்க்கிறவரை விடுங்கள். எல்லாவற்றையும் உள்ளேயே அடக்கி வைக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா விஷயம்?" என்று கேளுங்கள்.

நண்பர் இப்போது விசிலுக்கு ஒரு கோடு என்று பேப்பர் ஓரத்தில் குறிக்கிறார். மனைவியின் விசிலுக்குத் தனிப் பத்தி!