குடியாதார்க்கும் வரும் ஈரல் நோய்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், விழிஞ்ஞத்தில் ஆற்றிய உரை)



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொறுத்தருள வேண்டும். சென்ற மாதம் நம் குடியிருப்பு அன்பர் ஒருவர் என்னிடம் வந்தார். ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாகத் தெரிந்ததாம். அவ்வறிக்கையை மனைவிக்கும் காட்டாமல் ஆறு மாதம் பூட்டி வைத்திருந்தார். "ஒரு துளி மதுவும் தொட்டவனல்லன் நான், ஈரல் கெட்டதென்றால் ஊரார் என்ன நினைப்பார்கள்?" என்றார். அவர் இசைவு பெற்றே இதனைச் சொல்லுகிறேன்.

மது ஒரு காரணம். அதுவே முழுக் காரணமன்று. நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்தத்தில் கொழுப்பு மிகுதல், பருத்த இடுப்பு ஆகியவை இந்நோய்க்கு வழி திறக்கின்றன. ஆடவர்க்கு இடுப்பு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் கடந்தால் எச்சரிக்கை வேண்டும். மெலிந்தவரையும் இந்நோய் விடுவதில்லை. சென்னையில் 541 பேரை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 32 பேருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. நீரிழிவுடையோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இருந்தது.

நம் ஊரையே பாருங்கள். கரைமடி இழுத்த கைகளுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீனும் ஏற்ற உணவாயிருந்தன. 2024 டிசம்பரில் வணிகப் பணி தொடங்கிய நம் துறைமுகத்திலோ, கரையோரப் பெண்கள் திரைமுன் அமர்ந்தே பாரந்தூக்கிகளை இயக்குகின்றனர். பெருமைக்குரிய செய்தி! ஆயினும் உட்கார்ந்த உத்தியோகத்திற்கு அந்தப் பழைய அளவுக் கிழங்கும், மாலைத் தேநீரோடு பழம்பொரியும் ஆகா. (பழம்பொரி விஷயத்தில் அடியேனும் குற்றவாளியே.)

இந்நோய் நெடுங்காலம் வலி தருவதில்லை. ஸ்கேன் கொழுப்பைக் காட்டும். அதுவும் ஓரளவு மிகுந்த பின்னரே. ஆனால் அஞ்ச வேண்டியது கொழுப்பைக் காட்டிலும் அதனால் ஈரலில் விழும் தழும்பு. அதனைச் சாதாரண ஸ்கேன் தொடக்கத்தில் காட்டுவதில்லை. இதற்கு எளிய கணக்கொன்று உண்டு, ஃபிப்-4 என்பர். வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்குக. அதனை, ஆயிரத்தில் சொன்ன பிளேட்லெட் எண்ணிக்கையாலும், எஸ்.ஜி.பி.டி. அளவின் வர்க்கமூலத்தாலும் வகுக்க.

நம் அன்பருக்கு வயது 49. இரு நொதிகளும் 36. அறிக்கையில் 'சரியான அளவு' என்றே இருந்தது. பிளேட்லெட் 1,80,000. கணக்கிட்டால் 1.63 வந்தது. 1.3க்குக் கீழிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 65 வயதைக் கடந்தோர்க்கு அவ்வெல்லை 2. அதற்கு மேற்பட்டால் தழும்பு உண்டென்று முடிவு கட்டலாகாது. ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் சோதனை வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும், உண்ணும் மருந்துகளும் காரணமாகாமல் உள்ளனவா என்றும் பார்த்தாக வேண்டும்.

தழும்பு முற்றுமுன் கண்டால் மீள வழியுண்டு. உடல் பருத்தவர் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு எடையைப் படிப்படியாகக் குறைத்தால் ஈரல் தேறுகிறது.

அன்பர் அடுத்த வாரம் அச்சோதனைக்குச் செல்லுகிறார். இம்முறை மனைவியாரும் உடன் செல்லுகிறார். அவருக்குப் பத்தாண்டுகளாக நீரிழிவு. அவர் ஈரலை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.