மரியாதையும் சிரத்தையும்



கொல்கத்தாவின் கிழக்கே சால்ட் லேக் என்ற ஊர் இருக்கிறது. சால்ட் லேக் என்றால் உப்பு ஏரி. முன்பு அங்கே சதுப்பு நிலமும் மீன் வளர்க்கும் ஏரிகளும் இருந்தன. 1960-களில் ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்தார்கள். அதைக் கொட்டி நிலத்தை மேடாக்கினார்கள். அதன்மேல் வீடுகள் எழுந்தன.

இந்த ஊருக்குப் பிதான் நகர் என்றும் பெயர் உண்டு. அது பிதான் சந்திர ராயின் நினைவாக வைத்த பெயர். அவர் ஒரு மருத்துவர். 1948 முதல் 1962 வரை மேற்கு வங்க முதலமைச்சர். முதலமைச்சர் ஆன பிறகும் ஏழை நோயாளிகளைக் காசு வாங்காமல் பார்த்தார். அவர் பிறந்ததும் ஜூலை 1, மறைந்ததும் ஜூலை 1. அந்த நாளை நம் நாடு மருத்துவர் நாளாகக் கொண்டாடுகிறது.

இப்படிப்பட்டவர்மேல் உள்ள ஆழ்ந்த மரியாதையை வங்காளிகள் 'ஸ்ரத்தா' என்பார்கள். கடிதத்தில் பெரியவர் பெயருக்கு முன்னால் 'ஸ்ரத்தேய' என்று எழுதுவார்கள். நாம் 'மதிப்பிற்குரிய' என்று எழுதுகிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

இந்தச் சொல் நமக்குப் புதியதா? இல்லை. வடமொழியிலிருந்து தமிழுக்கும் வந்த சொல்தான். நாம் அதைச் 'சிரத்தை' என்கிறோம். 'சிரத்தையாகப் படி' என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். நமக்கு அது அக்கறை. அவர்களுக்கு அது மரியாதை.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அக்கறை இல்லாத மரியாதை வெறும் கும்பிடு. மருத்துவர் ராய் நோயாளிகளிடம் காட்டியது அக்கறை. மக்கள் அவருக்குத் தந்தது மரியாதை.

மரியாதை பெரிய பதவியில் இருப்பவருக்கு மட்டுமா? ஓர் ஊருக்கு ஒருவர் பெயரைத்தான் வைக்க முடியும். ஆனால் அந்த ஊரை எழுப்ப மண் கொட்டியவர் பலர். கல் சுமந்தவர் பலர். அவர்களுக்கு நாம் தருவது என்ன?

வங்க மொழியில் 'ஆப்னி' என்றால் நீங்கள். 'துய்' என்றால் நீ. வீட்டு வேலை செய்பவர் வயதில் மூத்தவராக இருந்தாலும் 'துய்' என்று கூப்பிடுபவர்கள் அங்கே உண்டு. நம் ஊரில் மட்டும் என்ன? நரைத்த தலையுடன் கூலி வேலை செய்பவரைச் சின்னப் பையன்கூட 'வாடா, போடா' என்று கூப்பிட்டது உண்டு. சாதி பார்த்து அப்படிக் கூப்பிட்டதும் உண்டு. கேட்டவர் மனம் எவ்வளவு நொந்திருக்கும்!

'நீங்கள்' என்று சொல்லக் காசு செலவாகாது. 'என்னை மரியாதையாகக் கூப்பிடுங்கள்' என்று கேட்கவும் உழைக்கும் எவருக்கும் உரிமை உண்டு. கேட்கத் தயங்காதீர்கள். மற்றவருக்குக் கொடுக்கவும் தயங்காதீர்கள்.