பயணத்துக்கு முன் ஒரு பட்டியல்

வெளியூர் புறப்படுகிற நாள் வந்துவிட்டால் நம் தோட்டத்து வீடுகளில் விடியற்காலையிலேயே அமளி தொடங்கிவிடும். "சீப்பு எங்கே? தம்பியின் சட்டை எங்கே? பாட்டியின் மாத்திரையை எடுத்தாகிவிட்டதா?" என்று ஆளுக்கொரு பக்கம் கேட்பார்கள். கேட்பவர் பலர், பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். அவர் வீட்டுத் தாய். முதல் நாள் மாலைவரை கொழுந்து எடுத்துவிட்டு வந்தவர், சமைத்து, துவைத்து, நான்கைந்து பேருக்கு வேண்டியதையெல்லாம் நினைவிலிருந்தே எடுத்து வைக்கிறார். ஒன்று விட்டுப்போனால் பழியும் அவருக்கே.

இந்தச் சுமையை இறக்கிவைக்க ஒரு பழைய பள்ளி நோட்டும் ஒரு பென்சிலும் போதும். கொண்டு போக வேண்டியவற்றைப் பட்டியலாக எழுதிவிட்டால், வீட்டில் எழுத்தறிந்த எவரும் அதைப் பார்த்துப் பையைக் கட்டலாம்.

"நமக்குத் தெரியாததா, இதற்கு எழுத வேறு வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய விமானம் ஒன்று சோதனைக்காகக் கிளம்பியது. தேர்ந்த விமானிகள்தான் அதில் இருந்தார்கள். ஆனால், தரையில் நிற்கும்போது வால் பகுதியை அசையாமல் பிடித்திருக்கும் பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார்கள். விமானம் மேலே எழும்பி உடனே விழுந்தது, இருவர் உயிரிழந்தனர். அதன் பிறகு, கிளம்புமுன் செய்ய வேண்டியவற்றை அட்டையில் எழுதிப் படித்துச் சரிபார்க்கும் வழக்கத்தை அந்த விமானத்துக்கு ஏற்படுத்தினார்கள். விமானி இன்றும் பட்டியலைப் பார்த்துத்தான் கிளம்புகிறார். திறமை குறைந்தவருக்குத்தான் பட்டியல் என்று நாம் எண்ண வேண்டியதில்லை.

இனி, எழுதும் முறையைப் பார்ப்போம். பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நினைவு வந்தவர் வந்தபோது எழுதட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் போடுங்கள். பையில் வைத்ததும் முதல் கட்டத்தில் கோடு. திரும்பும்போது எடுத்து வைத்ததும் இரண்டாவது கட்டத்தில் கோடு. உறவினர் வீட்டிலேயே துண்டையும் கண்ணாடியையும் விட்டு வருவது இதனால் குறையும்.

எதை முதலில் எழுதுவது? போகிற ஊரில் கடையில் வாங்க முடியாததை முதலில் எழுதுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் மைகிட் அட்டை, மருத்துவமனை அட்டை, மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து, மூக்குக்கண்ணாடி ஆகியவை மேலே வரட்டும். சீப்பும் சோப்பும் கீழே வரட்டும். சோப்பு விட்டுப்போனால் சில வெள்ளியில் வாங்கிவிடலாம். இரத்த அழுத்த மாத்திரை விட்டுப்போனால், பாட்டியின் உடம்பல்லவா அதற்கு விலை கொடுக்க வேண்டும்? மருந்தைப் பயண நாள்களுக்கு மேல் இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உடை. நமது கியா பார்ம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஆகவே தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ இறங்கும்போது பத்து டிகிரி அளவுக்குச் சூடு கூடிவிடும். இங்கே போட்ட கம்பளிச் சட்டையோடு கீழே போனால் பிள்ளை வியர்த்து அழும். கம்பளி ஆளுக்கு ஒன்று போதும். மற்றவை பருத்தி உடைகளாக இருக்கட்டும். தானா ராத்தா வழியாகத் தாப்பாவுக்கு இறங்கும் பாதையில் வளைவுகள் அதிகம். குமட்டுகிற பிள்ளைக்காக இரண்டு பிளாஸ்டிக் பை, ஒரு துண்டு, தண்ணீர்ப் புட்டி இவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கவேண்டும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1973 வரை ஓடிய 'ரஜுலா' கப்பலில் நம் பெரியவர்கள் பல நாள் கடலில் கழித்தார்கள். இன்று கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு நான்கு மணி நேரம்தான். ஆனால் தாளில் குறையிருந்தால் விமான நிலையத்தோடு பயணம் முடிந்துவிடும். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகுமா, விசா கிடைத்துவிட்டதா, பயணச் சீட்டிலுள்ள பெயரும் கடப்பிதழிலுள்ள பெயரும் ஒன்றுதானா என்பதை ஒரு மாதம் முன்பே பாருங்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் மருந்தைக் கைப்பையில் வைக்க வேண்டும். சரக்குப் பகுதியில் உறைந்துபோனால் அது கெட்டுவிடும். மருத்துவர் கடிதமும் உடன் இருக்கட்டும். கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். கத்தரிக்கோலும் நல்லெண்ணெய்ப் புட்டியும் பெரிய பெட்டியில் போகட்டும்.

தாய்மார்களே, இன்னொரு பயணமும் உண்டு. அதற்குத் தேதி சொல்ல முடியாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் எட்டாம் மாதத்திலேயே தனிப்பட்டியல் எழுதி, தனிப்பை கட்டி வைத்துவிடுங்கள். பரிசோதனைப் புத்தகம், அடையாள அட்டையின் நகல், தாய்க்கு மாற்றுடை, பிள்ளைக்குத் துணி, கொஞ்சம் பணம், வண்டிக்காரரின் எண் ஆகியவை அதில் இருக்கட்டும். நள்ளிரவில் வலி கண்டால் தானா ராத்தா மருத்துவமனைக்கு மலைப்பாதையில் போக வேண்டும்; மழை நாளில் மண் சரிவதும் உண்டு. அந்த நேரத்தில் தேடுவதற்குப் பொழுது இராது. பட்டியல் கதவுக்குப் பின்னால் தொங்கினால், கணவரோ மூத்த பிள்ளையோ பக்கத்து வீட்டு அக்காவோ பதறாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம்.

எந்தப் பயணமானாலும் கடைசி வரிகளை வீட்டுக்காக எழுதுங்கள்: எரிவாயுவை அடைத்தாயிற்றா, தண்ணீர்க் குழாயை மூடியாயிற்றா, சாவி யாரிடம்?

பட்டியல் எழுதும் வேலையை நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். பெற்றோர் சொல்லச் சொல்ல அது எழுதும். ஆளுக்கு மூன்று சட்டை என்றால் ஐந்து பேருக்கு எத்தனை என்று கணக்குப் போடும். பையைத் தராசில் நிறுத்து எடை சொல்லும். பள்ளியில் படித்தது வீட்டுக்குப் பயன்படுவதைத் தன் கண்ணாலேயே காணும்.

பயணம் முடிந்ததும் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். விட்டுப்போனதைச் சேர்த்து, வீணாகச் சுமந்ததை அடித்துவிட்டு நோட்டுக்குள் வையுங்கள். அடுத்த தைப்பூசத்துக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். வீட்டுத் தாயும் மற்றவர்களைப் போலவே முதல் நாள் இரவு நிம்மதியாகத் தூங்குவார்.