எண்ணம் எழும், ஏற்பது நம் பொறுப்பு



மனத்தில் தோன்றுவதெல்லாம் உண்மையா? தோன்றுகிற எண்ணம்தான் நாமா? இந்த இரண்டு கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் கேள்விக்கு நம் கண்ணே சாட்சி. விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. அந்த வெற்றிடத்தை நம்மில் யாராவது கண்டதுண்டா? சுற்றியிருப்பதை வைத்து மூளை அதை நிரப்பிவிடுகிறது. கண்ணுக்கே இந்த நிலை என்றால், அடுத்தவர் உள்ளத்தைப் படிக்கும்போது எவ்வளவு நிரப்புவோம்! எதிரே வந்தவர் பேசாமல் போனார், அது நடந்தது. அவருக்குத் தலைக்கனம் என்பது நாம் நிரப்பியது. அவர் வீட்டில் என்ன துயரமோ, யார் கண்டார்?

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1983-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் லிபெட் என்ற அறிஞர் ஓர் ஆய்வை வெளியிட்டார். விரும்பியபோது கையை அசையுங்கள், அசைக்க நினைத்த கணத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்லுங்கள் என்று பங்கேற்றவர்களிடம் கேட்டிருந்தார். அசைவுக்கு ஏறத்தாழ அரை விநாடி முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கிவிட்டது. அசைக்கும் எண்ணம் தெரியவந்ததோ ஐந்தில் ஒரு விநாடி முன்புதான். அந்த மின்மாற்றத்துக்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால், எஞ்சிய அந்த இமைப்பொழுதில் ‘வேண்டாம்’ என்று தடுக்க நமக்கு இடமுண்டு என்றார் லிபெட். நான் பற்றிக்கொள்வது அதைத்தான்.

இதே இரண்டாவது கேள்வியை வேறு வழியில் தொட்டவர் ஒருவர் நம் மண்ணில் உண்டு. 1896-இல் மதுரையில் வேங்கடராமன் என்ற 16 வயது இளைஞரை மரண பயம் பிடித்தது. அவர் ஓடவில்லை. படுத்துக்கொண்டு, சாவது இந்த உடல் என்றால் நான் யார் என்று உள்ளே தேடினார். அருணாசலம் எனும் திருவண்ணாமலையில் ரமணராக அவர் காட்டிய வழியும் அதுவே: எழும் எண்ணத்தின் பின்னால் ஓடாமல், இது யாருக்கு எழுந்தது என்று விசாரிப்பது.

ஆய்வுக்கூடமும் அருணாசலமும் ஒன்றையே சொல்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணத்துக்கு முன்னால் நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்ற தைரியத்தை இரண்டும் எனக்குத் தருகின்றன.

நண்பர்களே, கைப்பேசியில் ஒரு வதந்தி வருகிறது. இன்னொரு சாதியின் மீது, மதத்தின் மீது சினம் மூளுகிறது. சினம் நம்மைக் கேட்டு மூளவில்லை. ஆனால் அந்த வதந்தியைப் பத்துப் பேருக்கு அனுப்புவது நம்மைக் கேட்டுத்தான் நடக்கிறது. அங்கே நின்று கேளுங்கள்: இது நடந்ததா, நான் நிரப்பியதா? ஊர் ஒற்றுமை இந்தக் கேள்வியை நம்பித்தான் இருக்கிறது. நாமும் கேட்போம், நம் பிள்ளைகளையும் கேட்கப் பழக்குவோம்.